எந்தப் பச்சை, நைனா?

நைனா,

இன்று காலை இருமினேன். கைக்குட்டையில் கொஞ்சம் சளி. அடுத்த நொடி வாசலில் நின்று அதை வெயிலில் விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா பார்த்துவிட்டாள். "உங்க நைனாவாட்டம் நிக்காதடா" என்றவள், அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வெறும் ஜலதோஷம்தான். ஆனாலும் கையைக் கீழே இறக்க முடியவில்லை.

வாழ்நாளெல்லாம் சாயப்பட்டறையில் விறகுப் புகையை விழுங்கியவன் நீ. தொட்டியிலிருந்து எடுத்த பட்டுநூலுக்கு உள்ளே வைத்து நிறம் சொல்லமாட்டாய். வெளியே கொண்டுவந்து வெயிலில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாய். "ட்யூப்லைட்டு பொய் சொல்லும்பா." முகூர்த்தப் புடவைக்கு நிறம் ஒத்துவராவிட்டால் பிள்ளையார்பாளையத்து நெசவுத்தெருவே உன்னிடம் வரும். மூச்சுக்கு மட்டும் நீ யாரிடமும் போகவில்லை, நான் இழுத்துக்கொண்டு போகும்வரை.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். "இந்த நுரையீரல் நோய் முழுசா போகாதுங்க. அப்பப்போ திடீர்னு ஏறும். மூச்சு வாங்குறது கூடினாலோ, சளி பச்சையா மாறினாலோ இந்த மாத்திரைய அன்னைக்கே ஆரம்பிச்சிட்டு எனக்குப் போன் பண்ணுங்க. காத்திருக்காதீங்க." ஒரகடம் தொழிற்சாலையில் மெஷின்களைப் பராமரிக்கிற எனக்கு அது உடனே புரிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தால் மெஷினை நிறுத்து. அவ்வளவுதான். நீயோ ஆட்டோவிலேயே ஆரம்பித்துவிட்டாய்.

"பச்சைன்னு சொல்லிட்டாங்க அந்தம்மா. எந்தப் பச்சை? கிளிப்பச்சையா, இலைப்பச்சையா, பாசிப்பச்சையா?"

"எந்தப் பச்சையா இருந்தா இன்னா? அதுல புடவையா நெய்யப் போற?"

ஆட்டோக்காரர் சிரித்தார். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு இருமலாக மாறி, வீடு வரும்வரை நிற்கவில்லை.

மார்கழிப் பனி. சாயங்காலம் உனக்கு மூச்சு வாங்குகிறது என்று அம்மா சொன்னபோது நான் ஷிப்டில் இருந்தேன். போனை உன்னிடம் கொடுக்கச் சொன்னேன்.

"மாத்திரைய போடு."

"மஞ்சளாத்தான் இருக்குதுபா. மாம்பழ மஞ்சள். இன்னும் பச்சைக்குத் திரும்பல."

"மூச்சு வாங்குதா இல்லையா, அதச் சொல்லு."

"லைட்டு வெளிச்சத்துல இன்னா தெரியும்? காலையில வெயில்ல பாத்துட்டுப் போட்டுக்கறேன். நீ வேலையப் பாரு."

கத்திப் பார்த்தேன். அம்மா தண்ணீரும் மாத்திரையுமாக நின்றிருக்கிறாள். நீ வாயைத் திறக்கவில்லை. நிறம் தெரியாமல் கைவைத்தால் நூல் வீணாகும் என்பது பட்டறை நியாயம். நுரையீரலுக்கு அந்த நியாயம் செல்லாது, நைனா.

விடிந்து நான் வந்தபோது கட்டிலில் முன்னால் குனிந்து, முழங்காலில் கைகளை ஊன்றி, ஒவ்வொரு மூச்சையும் பிடுங்கிக்கொண்டிருந்தாய். உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. ஆம்புலன்ஸுக்குத் தூக்கிச் சென்றபோது வாசலில் வெயில் வந்திருந்தது. கையில் கசங்கியிருந்த துணியை விரித்தாய். கண்ணைச் சுருக்கினாய். ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தாய்.

"பச்சைதான்பா."

அதுதான் நீ பேசிய கடைசி வார்த்தை.

போன வாரம், பட்டறையில் உன்னோடு வேலை செய்த சித்தப்பா மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தார். அவருக்கும் அதே நோய், அதே டாக்டர். ட்யூப்லைட்டுக்குக் கீழே துணியை நீட்டினார். "இது இன்னா கலர்னு பாருபா."

நான் பார்க்கவேயில்லை. "கலர வுடு சித்தப்பா! மூச்சு வாங்குதுல்ல? மாத்திரை எங்க?" நான் போட்ட சத்தத்தில் சட்டைப்பையைத் தடவி எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்படியே பைக்கில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனேன். இப்போது நம் வாசலில் உன் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, "உன் புள்ள வாய் ரொம்ப நீளம்" என்று அம்மாவிடம் புகார் சொல்கிறார். அவரைப் பார்த்தால் நிம்மதியாக இருக்கிறது. உடனே, அந்த நாற்காலியில் நீ இல்லையே என்று ஆத்திரமும் வருகிறது.

உன்னோடு போட்ட சண்டைகளில் நான் ஜெயித்தது அந்த மாத்திரைச் சண்டை ஒன்றுதான். "பச்சைதான்பா" என்று நீயே உன் வாயால் ஒப்புக்கொண்டாய். அதிலும் நான் தோற்றிருக்கலாம், நைனா. அது மஞ்சளாகவே இருந்திருக்கலாம்.