ஓர் இழுப்புக்கு ஒரு வேலை

என் சுகந்தி மச்சாளுக்கு,

பிரஸ் வந்துவிட்டது. லண்டன் டூட்டிங்கில், என் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில், போல்ட் போட்டு இறுக்கிப் பூட்டியிருக்கிறேன். நல்ல மேசையில் துளை போடுகிறாளே என்று நீ பதறியிருப்பாய். எனக்குக் கை கூசவில்லை. வருகிற ஆட்கள் மற்றப் பக்கத்தில் உட்காரட்டும். உட்கார விருப்பமில்லாதவர்கள் நின்றுகொண்டு தேநீர் குடிக்கட்டும்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிக்கத்தான் எழுதுகிறேன். செவன் கிங்ஸிலிருந்து விம்பிள்டன் வரை நம்முடைய ஆட்கள் என்னைப் பற்றிக் கதைக்கிறார்களாம். "பஸ் ஓட்டுற யசோ வீட்டிலை குண்டு செய்யுறாள்." கதைப்பவர்கள் விளங்கிக்கொண்டாவது கதைக்கட்டுமே.

சுட்ட பிறகு துவக்கிலிருந்து விழுகிற பித்தளைக் கோதை எறிந்துவிடத் தேவையில்லை. அதைத் துப்புரவாக்கி, பழைய அளவுக்கு நெருக்கி, அடியில் நெருப்புப் பொறி தருகிற பிறைமர் என்ற சின்ன மூடியைப் புதிதாக வைத்து, உள்ளே வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே பறந்துபோகிற சன்னத்தை அழுத்திப் பூட்டினால் அது திரும்பவும் சுடக்கூடிய ரவைதான். நெருக்கவும் அழுத்தவும் கைபிடி வைத்த ஓர் இரும்புக் கருவி வேண்டும். அதுதான் பிரஸ். லைசென்ஸ் உள்ளவர்கள் இந்த நாட்டில் சட்டப்படி செய்கிற வேலை இது. நான் சுடுவது கடதாசியை. கடதாசிக்கு நோகாது.

நீ இதை எனக்குப் பழக்கிய விதத்தை அவர்களுக்குச் சொல்லட்டுமா? நீ சின்ன வயதிலேயே சுவிஸுக்குப் போனவள். அங்கே உன் கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமையென்றால் பாதிச் சனம் தேவாலயத்தில், பாதிச் சனம் சுடுகழகத்தில் என்று சொல்வாய். என் அண்ணையைக் கட்டிக்கொண்டு லண்டன் வந்தபோது சூட்கேஸில் சேலையோடு பதக்கங்களும் கொண்டுவந்தாய். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். எனக்குத் துவக்குச் சத்தம் என்றால் பதுங்குகுழிக்குள் அம்மா என் தலையை அமத்திப் பிடித்த கை.

முதல் நாள் சரேயில் உள்ள அந்தக் கழகத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். பக்கத்து ஆள் சுட்ட முதல் சத்தத்திலேயே நான் வெளியே ஓடிப்போய்ப் புல்லில் குந்திவிட்டேன். நீ பின்னாலேயே வந்தாய். சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை.

"மச்சாள், அங்கை உங்களைக் கேட்டே சுட்டவங்கள்? இஞ்சை நீங்கள் நினைச்சால்தான் வெடிக்கும். நினைக்காட்டி வெடிக்காது. ஒருக்கா வந்து பாருங்கோ."

வந்து பார்த்தேன். மூச்சை விட்டு, நிறுத்தி, விரலை மெல்ல அமத்தி, நான் நினைத்த நேரத்தில் அது வெடித்தது. அன்று காரில் வரும் வழியெல்லாம் நான் அழுதேன், நீ பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டினாய். பிறகு நானும் லைசென்ஸ் எடுத்து ஒரு ரைபிள் வாங்கினேன். அதன்பிறகு ஒரு ஞாயிறு தப்பினோமா? மாமிமார் எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டால் விம்பிள்டன் கோயிலுக்கு என்பேன். பொய் சொல்ல உனக்குப் பிடிக்காது. அதற்காகவே திரும்பும் வழியில் காரைக் கோயிலடியில் நிறுத்தி, மருந்து மணக்கிற கையைக் கழுவிவிட்டுக் கும்பிட்டு வரச் செய்வாய்.

பிறகு ஒரு காலையில் உனக்குத் தலை இடித்தது. பின்னேரம் நீ இல்லை. மூளைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது அண்ணை திரும்பத் திரும்ப, "ரெண்டு பனடோல் குடுத்தனான், ரெண்டு பனடோல் குடுத்தனான்" என்றார். பிள்ளைகள் இல்லாத வீடு. இப்போது அவர் மட்டும்.

உன் முப்பத்தோராம் நாள் கிரியையன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த ஒரு மாமி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னா: "பொம்பிளைப் பிள்ளைக்குத் துவக்கு என்னத்துக்கு? அதுகள் பிடிச்ச வீடு விளங்காது."

உன் தலைக்குள் வெடித்த நரம்புக்கும் உன் துவக்குக்கும் முடிச்சுப் போட்டா. நான் கையில் வைத்திருந்த சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தேன்.

"மாமி, அவள் சுட்டதிலை ஆருக்கும் ஒரு கீறல் இல்லை. நீங்கள் இப்ப கதைச்சதிலை எனக்குக் காயம்."

அண்ணை என்னைப் பார்க்காமல் தண்ணீர்ச் செம்போடு உள்ளே போய்விட்டார். அவர் என் பக்கம் ஒரு சொல் சொல்வார் என்று நினைத்தேன்.

உன் ரைபிள் அப்போது ஒரு துவக்குக் கடைக்காரரிடம் பாதுகாப்பில் இருந்தது. அதை என் லைசென்ஸில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தேன். பதில் வருமுன் அண்ணை போன் எடுத்தார்.

"அவளின்ரை துவக்கைப் பொலிசிட்டை ஒப்படைச்சிட்டன். அழிக்கச் சொல்லித்தான் குடுத்தனான்."

"என்னட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாமே அண்ணை?"

"கேட்டால் விட்டிருப்பியோ?"

"விட்டிருக்க மாட்டன்."

"அதுதான் கேக்கேல்லை."

உன் கன்னம் பட்டுப் பட்டு மினுங்கிய அந்த மரக்கட்டையை எங்கேயோ ஒரு மெஷின் அறுத்திருக்கும். நான் போனை வைத்துவிட்டு யூனிபோமைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனேன். அன்று என் பஸ்ஸில் ஏறியவர்களில் ஒருவரையும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதன்பிறகு கனநாள் அண்ணையோடு பேசவில்லை. பேசாமல் இருந்த நாட்களில்தான் முடிவெடுத்தேன். அடுத்த வருஷம் நாங்களே ரவை நிரப்புவோம் மச்சாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாயே. "நாங்கள்" போனால் போகட்டும். நான் நிரப்புவேன்.

உன் நினைவுக்காகச் செய்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டி விட்டுவிடுவார்கள். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம். எனக்கு விருப்பம். என் ரைபிளுக்கு எந்தச் சன்னம், எவ்வளவு மருந்து பிடிக்கும் என்று கண்டுபிடிக்க ஆசை. அது போதாதா?

முதலில் கழகத்து டெரிக் பிடித்துக்கொண்டார். அவரைத் தெரியுமே, கேட்காமலே ஆலோசனை சொல்கிற அந்த வெள்ளைக்காரக் கிழவர். தன் கராஜுக்குக் கூட்டிப்போய்த் தன் பிரஸைக் காட்டினார். தட்டுச் சுழல்கிற பெரிய வகை. ஒருமுறை கைபிடியை இழுத்தால் ஒரு கோது நெருக்கப்படுகிறது, இன்னொன்றில் பிறைமர் ஏறுகிறது, இன்னொன்றில் மருந்து விழுகிறது, அடுத்ததில் சன்னம் பூட்டுகிறது, முடிந்த ரவை ஒன்று பெட்டிக்குள் விழுகிறது. எல்லாம் ஒரே இழுப்பில். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை.

"இதில் நான் எதைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டேன்.

"எல்லாவற்றையும்தான். பழகிவிடும்."

"ஒரு கோதில் மருந்து இரண்டு தரம் விழுந்தால்?"

"விழாது. கவனமாக இருந்தால்."

நான் பஸ் ஓட்டுகிறவள். காலையில் பஸ்ஸை எடுக்குமுன் பிரேக், லைட், கண்ணாடி, கதவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எடுப்பேன். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார் என்று சொல்கிறவரின் பஸ்ஸில் நான் ஏறமாட்டேன். இரண்டு தரம் மருந்து விழுந்த ரவை என் முகத்துக்குப் பக்கத்தில்தான் வெடிக்கும். எனக்கு ஓர் இழுப்புக்கு ஒரு வேலை செய்கிற பிரஸ் போதும் என்றேன்.

"ஆறு மாதத்தில் அது உனக்குப் போதாமல் போய்விடும்" என்றார்.

"ஞாயிறுக்கு ஐம்பது ரவை சுடுகிறவளுக்கு என்ன அவசரம்?" என்றேன். அவர் தன் தட்டை இன்னொருமுறை சுழற்றிக் காட்டினார். நான் தேநீருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு கென்ட் பக்கம் ஒரு கடை. கவுண்டரில் நின்றவன் நல்ல சிரிப்போடு, "உங்கள் கணவருக்கா?" என்று கேட்டான். லைசென்ஸை எடுத்து வைத்தேன். "எனக்குக் கணவர் இல்லை. துவக்குத்தான் இருக்கிறது." சிரிப்பு போய்விட்டது. ஆனால் பிறகு மரியாதையாகத்தான் நடந்தான், அதையும் சொல்ல வேண்டும்.

அவன் காட்டியது ஒரு சின்ன அலுமினியப் பிரஸ். முன்பக்கம் திறந்தபடி, ஆங்கில சீ எழுத்து மாதிரி. தொடங்குகிறவர்களுக்கு இது போதும், பெண்களுக்குத் தூக்கவும் இலகு என்றான். தூக்கிக்கொண்டு நான் எங்கே போகப்போகிறேன்? என் சொந்தக் கோது ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, நெருக்கிப் பார்க்க வேண்டும் என்றேன். கைபிடியை இழுத்தபோது பாரம் ஏற ஏற அந்தச் சீயின் வாய் மயிரிழையளவு விரிவது கைக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிந்தது. அடுத்து, பின்வரிசையில் தூசியோடு இருந்த ஒரு வார்ப்பிரும்புப் பிரஸ். நாலு பக்கமும் மூடிய வளையம், நீளமான கைபிடி. அதில் இழுத்தேன். என் பாரம் முழுதும் கோதுக்குத்தான் போனது, பிரஸ் அசையவில்லை. நான் குட்டை என்பதால் கைபிடி மேலே போகும்போது குதிக்கால் எழும்ப வேண்டியிருந்தது. உயரம் என் பிரச்சினையில்லை, மேசையின் பிரச்சினை. என் சாப்பாட்டு மேசை கடை மேசையைவிட உயரம் குறைவு. கதிரையில் இருந்துகொண்டே இழுக்கலாம்.

இதைத்தான் வாங்கினேன். நீயும் இதைத்தான் எடுத்திருப்பாயா? அல்லது டெரிக்கின் பக்கம் நின்றிருப்பாயா? உனக்கு வேகம் பிடிக்கும். அதில் மட்டும் நாங்கள் சண்டைதான் பிடித்திருப்போம்.

பூட்டிய கிழமையே அண்ணை வந்தார். டூட்டிங்கில் மரக்கறி வாங்க வந்தவர், கத்தரிக்காய்ப் பையோடு படியேறி வந்து வாசலில் நின்றார். எத்தனை நாளைக்குப் பிறகு! மெலிந்திருந்தார். பிரஸைக் கண்டதும் பை கையில் இருந்தபடியே நின்றுவிட்டார்.

"உந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள் யசோ. அதைக் கொண்டுவந்து வீட்டுக்கை வைச்சிருக்கிறாய்."

"ஓடித்தான் வந்தனான் அண்ணை. அதுக்காகச் சாகுமட்டும் ஓடிக்கொண்டே இருக்கேலுமோ?"

"எனக்கு அது வேண்டாம்."

"உங்களுக்கு வேண்டாம். எனக்கு வேணும்."

கதிரையை இழுத்து இருந்தார். கொஞ்ச நேரம் பையின் கைபிடியை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "காலமை தலை இடிக்குது எண்டாள். பின்னேரம் இல்லை. நீ இஞ்சை தனிய இருந்து மருந்தைக் கொட்டி விளையாட, ஒருநாள் எனக்குப் போன் வரும். அதை நான் எடுக்க மாட்டன் யசோ. என்னாலை ஏலாது."

அதுதான் மச்சாள் விஷயம். மாமிமாரின் கதையும் இல்லை, ஊர்ச் சண்டையும் இல்லை. உன் துவக்கை அவர் அறுக்கக் கொடுத்ததும் அதனால்தான். என் கோபம் போகவில்லை. ஆனால் அது பயந்துபோன ஒரு மனிதருக்கு முன்னால் நிற்கிறது என்று அன்று கண்டேன்.

நான் அவருக்குக் காட்டினேன். ஒரு கோதை வைத்து இழுத்தேன், எடுத்தேன், பார்த்தேன், ட்ரேயில் நிறுத்தினேன். "இதிலை ஒரு இழுப்புக்கு ஒரு வேலைதான் அண்ணை. எல்லாக் கோதையும் நெருக்கி முடிச்சாத்தான் அடுத்த வேலை. மருந்து போட்டாப் பிறகு டோர்ச் அடிச்சு ஒவ்வொண்டாப் பாப்பன். ஒண்டிலை கூடவோ குறையவோ கண்டால் திரும்பக் கொட்டுவன். எனக்கும் சாகப் பயம்தான். அதாலைதான் ஆறுதலா, மெல்ல வேலை செய்யிறதைப் பாத்து வாங்கினனான்."

அவர் பிரஸைத் தொடவில்லை. "எனக்குப் பிடிக்கேல்லை" என்றார்.

"பிடிக்க வேண்டாம்."

"நான் விடு எண்டால் விடுவியோ?"

"விட மாட்டன்."

தேநீரைக் குடித்தார். கத்தரிக்காயில் பாதியை எடுத்து வைத்தார். படியில் இறங்கும்போது திரும்பாமலே, "சுட்டு முடிய எனக்கு ஒரு போன் எடு" என்றார்.

போன ஞாயிறு போனேன். வாசலில் பக்கத்து வீட்டு மாமி எங்கே என்று கேட்டா. சுடப் போறன் மாமி, நானே நிரப்பின ரவை என்றேன். அவவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்!

படுத்துக் கட்டையைக் கன்னத்தில் வைத்தேன். பொய் சொல்லவில்லை, பயந்தேன். என் கைவேலையை என் முகத்தோடு வைத்துச் சுடுவது வேறு விஷயம். மூச்சை விட்டேன். அமத்தினேன். வெடித்தது. மற்ற நாலும் வெடித்தன. கோதுகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வெடிப்பில்லை, வீக்கமில்லை. கடதாசியில் ஐந்து துளையும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவுக்குள். கடை ரவை இதைவிடக் கிட்டக் கிட்டப் போகும். அதுதான் உண்மை. டெரிக் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவருக்கு அது பெரிய விஷயம்.

கார்ப்பார்க்கில் நின்று அண்ணைக்கு எடுத்தேன். மணி அடிக்குமுன் தூக்கினார்.

"வெடிச்சதோ?"

"வெடிச்சது."

"உனக்கு?"

"எனக்கு ஒண்டுமில்லை."

மூச்சு விடுவது கேட்டது. பிறகு கேட்டார்: "எப்பிடிச் சுட்டனீ?"

"சுமார் அண்ணை."

"அவளெண்டால்?"

நீ போன பிறகு உன்னையும் துவக்கையும் சேர்த்து அவர் கோபமில்லாமல் கேட்டது அதுதான் முதல் தரம். "அவளெண்டால் இதைவிட நல்லாச் சுட்டிருப்பாள்" என்றேன்.

"ஓம்," என்றார். "அவள் விட்டிருக்க மாட்டாள்."

சுகந்தி, கழகத்தின் வசந்தகாலப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். என் கையால் நிரப்பிய ரவையோடுதான் வரிசையில் படுப்பேன். கடைசியாக வந்தாலும் அதை ஒளிக்க மாட்டேன், முதலாவதாக வந்தால் ஒருவரையும் நிம்மதியாக இருக்க விடமாட்டேன். யார் என்ன சொன்னாலும் அடுத்த வருஷமும் போவேன். இது உனக்குச் சொல்கிற சொல்.

இப்படிக்கு,
நீ விட்டுப் போனாலும் விட்டுக் கொடுக்காத
உன் மச்சாள் யசோ