பக்கத்து மேசைக்குப் போன ஈரல்

அன்பு மகன் எல்தோஸுக்கு, ஷெலெக்கிலிருந்து உன் அப்பா தன் கையாலேயே எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் தங்கை ஜிபெக், குதிரைகள் எல்லோரும் சுகம், கடலுக்கு அந்தப் பக்கம் பூசானில் நீயும் உடம்பிலும் மனசிலும் குறையில்லாமல் இருப்பாய் என்று நம்பிப் பேனாவை எடுத்திருக்கிறேன். ஆமாம் மகனே, எழுதுவது நான்தான். சிறு வயதிலேயே மேய்ச்சலுக்குப் போனவன், பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. குளிர்காலம் முழுக்க அடுப்பருகே உட்கார்ந்து உன் அம்மாவிடம் திட்டு வாங்கி எழுத்துகளைப் பழகிவிட்டேன். இப்போது கடைப் பலகை, மருந்துப் பெட்டி, பேருந்தின் நெற்றி எதையும் விடுவதில்லை, வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடக்கிறேன், நாய்கள்கூட ஒதுங்கிப் போகின்றன. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போகிறது, போகட்டும், என் சந்தோஷத்துக்கு அவசரம் ஒன்றும் இல்லை. உன் தங்கையின் நிச்சயத்தில் நடந்ததை அவள் போனில் பாதிதான் சொல்லியிருப்பாள், மீதியை நான் சொல்கிறேன்.

வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நான் இருந்தேன். நீ ஆசைப்பட்டு அல்மாத்தியில் அந்த 'வெள்ளி லாடம்' உணவகத்தில் மேசை பிடித்துக் கொடுத்தாய், தங்கையின் நிச்சயம் ஊர் பேசும்படி இருக்க வேண்டும் என்றாய், மறுக்க மனம் வரவில்லை. போவதற்கு முன் ஜிபெக்கின் போனில் அந்த இடத்தைப் பற்றி ஜனங்கள் எழுதியிருந்ததை நானே படித்தேன். மேசைமேல் ஏறி ஆடினோம், ஆயுசுக்கும் மறக்கமாட்டோம் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். மூன்று மணி நேரம் என் மாமியார் பேசியது ஒன்றும் காதில் விழவில்லை, ஐந்து நட்சத்திரம் என்று ஒருவன் எழுதியிருந்தான். எனக்குத் திருப்தியாகிவிட்டது. நான் மெதுவாகப் படிப்பவன், நல்லதெல்லாம் மேலே இருந்தது, சூப் ஆறிப்போயிருந்தது, பரிமாற வேண்டியவன் ஆடிக்கொண்டிருந்தான் என்பதெல்லாம் கீழே இருந்திருக்கிறது, அங்கே நான் போய்ச் சேருவதற்குள் கார் வந்துவிட்டது.

உள்ளே நீல வெளிச்சம், புகை, தாளம். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னய்யா இது, இவங்க வீட்ல யாருக்காச்சும் கண்ணு வலியா, ஒரு நல்ல வெளக்குப் போட மாட்டாங்களா" என்றாள். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, மீன் வந்ததும் அவள் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டாள், இன்றுவரை அந்த மீனைப் பற்றித்தான் பேசுகிறாள். மாப்பிள்ளை சஞ்சரும் அவன் கூட்டாளிகளும் துள்ளிக் குதித்தார்கள். உன் சித்தப்பா, கஸி என்று நாம் செய்கிற குதிரை இறைச்சியைக் காகிதம் மாதிரிச் சீவிப் பூ வைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று, "குதிரையக் காட்டிட்டுத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டானுங்கடா" என்று புலம்பினான். எனக்கும் சம்பந்தி மக்சூத்துக்கும் எதிரெதிரே நாற்காலி, இரண்டு பேரும் ஆற்றின் இரண்டு கரையில் நிற்கிறவர்கள் மாதிரிக் கத்திக்கொண்டிருந்தோம். மழை எப்படி என்று நான் கேட்டால் அவர் சஞ்சரின் வேலையைப் பற்றிப் பதில் சொல்கிறார். பரவாயில்லை, பேச்சு எதற்கு, செம்மறி ஆட்டின் ஈரலும் வால்கொழுப்பும் வரட்டும், ஆளுக்கொரு வாய் ஊட்டிவிட்டால் சம்பந்தம் முடிந்தது, அதற்கப்புறம் எவனும் பிரிக்க முடியாது என்று காத்திருந்தேன். வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று உணவகத்தார் முதலிலேயே சொல்லிவிட்டதால் அவர்கள் சமையல்காரரே செய்வதாக ஏற்பாடு.

திடீரென்று விளக்கெல்லாம் அணைந்தது. தாளம் இடி மாதிரி முழங்கியது. பரிமாறுகிற பையன்கள் வரிசையாக மத்தாப்புப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒருவன் பெரிய தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக வந்தார்கள். நான் எழுந்து நின்று தாடியைத் தடவிக்கொண்டேன். ஊர்வலம் நம் மேசையைக் கடந்து போய்விட்டது. பக்கத்து மேசையில் ஏதோ அலுவலகத்துக்காரர்கள் தங்கள் மேலாளரின் பிறந்தநாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். தட்டு அங்கே இறங்கியது. கடை கொடுத்த பரிசு என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். அந்த மேலாளர், மொட்டைத் தலைக்காரர், நல்ல மனுஷன் போலத்தான் தெரிந்தார், கையால் அள்ளிப் பக்கத்திலிருந்தவன் வாயில் திணித்தார், அவன் இவர் வாயில் திணித்தான், எல்லோரும் கைதட்டினார்கள். நான் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் தட்டில் மாதுளை முத்துகள்தான் மிச்சம்.

மக்சூத் முதலில் சிரித்தார். "சம்பந்தி, இனிமே அந்த மொட்டைத்தலையன்தான்யா உனக்குச் சம்பந்தி, பொண்ண அவனுக்கே குடுத்துரு" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவருடைய அக்கா கமாஷ் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் கடைசி வார்த்தை அந்த அம்மாளுடையது என்பது உனக்குத் தெரியும். இரண்டு குடும்பத்தைக் கட்ட வேண்டியது எவன் எவன் தொண்டையிலோ இறங்கிவிட்டது, இது நல்லதற்கில்லை, "எதுக்கும் இலையுதிர் காலம் வரைக்கும் பொறுத்துப் பாப்போம்" என்றார்கள் கமாஷ் அம்மாள். நம்மிடையே பொறுத்துப் பார்ப்போம் என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தம், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உணவகத்து மேலாளன் ஓடிவந்தான், ஈரல் தீர்ந்துவிட்டதாம், மன்னிப்புக்குப் பெரிய கேக் தருகிறானாம். "கேக்க ஊட்டியா சம்பந்தம் பேசுறது" என்று உன் அம்மா போட்ட சத்தத்தில் பாட்டுக்காரனே ஒரு நொடி நிறுத்திவிட்டான். கமாஷ் அம்மாள் எழுந்துவிட்டார்கள், பின்னாலேயே எல்லோரும் எழுந்தார்கள், கையேந்தி ஆசி சொல்லாமலே மேசை கலைந்தது. ஜிபெக், மாப்பிள்ளை வீட்டார் போட்டுவிட்ட காதணியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வாசலில் அந்த மொட்டைத் தலைக்காரர் வந்து, "ஐயா, தெரியாமத் தின்னுட்டோம், நீங்க என்ன செய்யச் சொல்றீங்களோ செய்றேன்" என்று நின்றார். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை, போன் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முடிவு செய்துவிட்டேன். மறுநாள் காலை நல்ல கிடாயாகப் பார்த்து அறுத்தேன், உன் அம்மா ஈரலையும் வால்கொழுப்பையும் வேகவைத்துச் சட்டியைப் போர்வையில் சுற்றிக் கொடுத்தாள். உன் சித்தப்பா குறுக்கே வந்து நின்றான். "அண்ணே, அவங்கதான் நம்ம வாசலுக்கு வரணும், பொண்ணப் பெத்தவன் சட்டியத் தூக்கிட்டு மாப்ள வீட்டுக்குப் போனா ஊரு சிரிக்கும்ணே" என்றான். "சிரிக்கட்டும்டா, சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் போய்ட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு ஜிபெக்கை வண்டியோட்டச் சொன்னேன். தல்கார் ஊரில் மக்சூத் தன் வீட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்து, சன்னல் பக்கம் கண்ணைக் காட்டினார். கமாஷ் அம்மாள் சன்னலுக்குப் பின்னால் இருந்தார்கள். "வராதன்னு சொல்லல, இன்னிக்கு வேணாம்னுதான் சொல்றேன்" என்றது குரல். "சரிங்க அக்கா, இன்னிக்கு முடிஞ்சு நாளைக்கு வரட்டும், அதுவரைக்கும் நான் இங்கயே இருக்கேன்" என்று சட்டியை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்துப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். காற்று மலையிலிருந்து கத்தி மாதிரி வந்தது. மக்சூத் வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், தன் தொப்பியைக் கழற்றி என் சட்டிமேல் கவிழ்த்தார், ஆனால் அக்காவை மீறி ஒரு துண்டுகூடத் தொடவில்லை. நாங்கள் அன்றுதான் நன்றாகப் பேசினோம், மழையைப் பற்றி, சஞ்சரின் வேலையைப் பற்றி, கேட்ட கேள்விக்குக் கேட்ட பதில். கடைசியில் கதவு படாரென்று திறந்தது. "ரெண்டு கெழடுங்களும் பேசிப் பேசிக் கொழுப்ப ஒறைய விடுறீங்களே, ஒறைஞ்ச கொழுப்ப எவன் திம்பான், உள்ள வாங்கய்யா" என்று கமாஷ் அம்மாள் சத்தம் போட்டார்கள்.

உள்ளே போனோம். நான் ஊட்டிய முதல் துண்டு கமாஷ் அம்மாளுக்குத்தான். மென்று விழுங்கி, உப்புக் கம்மி என்று குறை சொல்லிவிட்டு, சம்பந்தம் உறுதியானால் பூசுகிற வழக்கப்படி கிண்ணத்திலிருந்த பாலாடையை இரண்டு கையாலும் எடுத்து என் முகத்தில் பூசினார்கள் பார், மூக்கு வழியாக மூச்சுவிட முடியவில்லை. ஜிபெக் வாசலோரம் நின்று சிரித்தாள், சஞ்சர் அவளைப் பார்த்துச் சிரித்தான், அவன் முகத்திலும் அப்பினார்கள். நமக்கும் அவர்களுக்கும் இனிப் பிரிவில்லை. கல்யாணம் இலையுதிர் காலத்திலேயே.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது. கல்யாண விருந்தை எங்கே வைக்கலாம் என்று உன் தங்கையைக் கேட்டேன், 'வெள்ளி லாடம்' என்கிறாள். அவளுக்கு அந்த வெளிச்சமும் ஆட்டமும் பிடித்துப்போய்விட்டதாம். உன் அம்மாவுக்கு மீன் ஞாபகம். அதனால் அங்கேதான், நான் சம்மதித்துவிட்டேன், மேசையை மறுபடி நீயே பிடி. ஆனால் மேலாளனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு, நான் கையேந்தி ஆசி சொல்லி முடிக்கும்வரை அங்கே ஒரு தாளமும் தட்டக் கூடாது, தட்டினால் நான் மேடை ஏறிப் பாட்டுக்காரனின் மின்கம்பியைப் பிடுங்குவேன், இதைச் செய்வேன் என்பது உனக்குத் தெரியும். அந்த மொட்டைத் தலைக்காரரையும் அழைத்திருக்கிறேன், நம் ஈரலைத் தின்றவர் நமக்கு அந்நியரா. நீ விடுப்புக்கு இப்போதே சொல்லிவை, அண்ணன் இல்லாமல் பெண்ணை வாசல் தாண்ட விடமாட்டேன்.

உன் பாதை வெண்மையாக இருக்கட்டும், உன் தட்டில் கொழுப்பு குறையாமல் இருக்கட்டும், கடல்காற்றில் தொப்பியில்லாமல் அலையாதே.

இப்படிக்கு,
உன் தந்தை
ஒராஸ்பெக்