கொல்லையில் சுந்தரியின் குரல்

மார்கழி, செவ்வாய் இரவு

எங்கள் பூனை சுந்தரிக்கு எலி பிடித்தால் ஒரு தனிக் குரல் வரும். வாயில் எலியை வைத்துக்கொண்டே, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது போலக் கத்தும். அதைக் கேட்டால் குட்டிகள் மூன்றும் எங்கிருந்தாலும் ஓடும்.

இன்று விளக்கு வைக்கிற நேரத்தில் கொல்லையில் அந்தக் குரல் கேட்டது. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். "உங்கம்மா கறி கொண்டாந்துட்டா, ஓடுங்க" என்று நானே கதவைத் திறந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் இவர் வயலிலிருந்து வந்தார். கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "சம்பாவை எலி வெட்டித் தள்ளுது. கருவாட்டுப் பொடி கலந்து மருந்து வெச்சிருக்கேன். பூனைய வெளிய விடாத."

"எப்ப வெச்சீங்க?"

"நேத்து சாயந்தரம். சொல்ல மறந்துட்டேன்."

மறந்துவிட்டாராம். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். எலியின் வால் மட்டும் கிடந்தது. குட்டிகள் வாயை நக்கிக்கொண்டிருந்தன. சுந்தரியைக் காணோம்.

மாட்டு டாக்டருக்குப் போன் போட்டோம். மருந்தின் வேலை உடனே தெரியாதாம், விடிந்ததும் கொண்டுவரச் சொன்னார். குட்டிகளை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினேன். அவை நூல்கண்டை உருட்டி விளையாடுகின்றன. இவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். நானும் கூப்பிடவில்லை.

வரப்போரமெல்லாம் தேடியும் சுந்தரி கிடைக்கவில்லை.

இதோ, கொல்லையில் மறுபடியும் அந்தக் குரல். விளையாட்டை விட்டுவிட்டு மூன்றும் கதவைப் பிறாண்டுகின்றன.