அனியின் கால் அளவு

ஜூலை 22, செவ்வாய்

கச்சான் காற்று நிற்கவே இல்லை. கடைக்குள் ஒரே மண். காலையில் இரண்டு தரம் கூட்டியாயிற்று. கண்ணாடி அலுமாரியில் விரலால் பெயர் எழுதலாம். வியாபாரம் இல்லை. கடலில் கைட் விட்டுச் சறுக்க வந்த வெள்ளைக்காரி ஒருத்தி ரப்பர் செருப்பு வாங்கினாள், அவ்வளவுதான்.

பத்தரைக்கு இத்தாலியிலிருந்து தங்கச்சி பிரிசியின் வொய்ஸ் மெசேஜ். வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து பேசியிருக்கிறாள். அவள் மகள் அனிக்கு விசா வந்துவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் தகப்பன், எங்கள் மாப்பிள்ளை, வந்து பிள்ளையைக் கூட்டிப் போவார். பிரிசிக்கு லீவு இல்லை.

தெரிந்த விஷயம்தான். ஏழு மாசக் குழந்தையை என் கையில் தரும்போதே "பேப்பர் சரி வந்ததும் கூட்டிக்கொண்டு போயிருவன் அக்கா" என்று சொல்லித்தான் தந்தாள். இருந்தாலும் வாடிக்கைக்காரர் சப்பாத்துப் போட்டுப் பார்க்கிற ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது வொய்ஸ்: "அக்கா, இங்க நேர்சரியில சுவர் ஏறப் பழக்குறாங்க. மலை ஊர் தானே, நாலு வயசிலயே தொடங்கிருவாங்க. அதுக்கெண்டு வேற சப்பாத்து வாங்கோணுமாம். மூண்டு படம் அனுப்பிருக்கன். நீங்க தானே சப்பாத்துக்காரி, ஒண்டு தெரிவு செஞ்சு தாங்க. அவட கால் அளவும் அனுப்புங்க."

பெற்ற பிள்ளையின் கால் அளவு தெரியாது. கேட்டவுடன் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

ஜூலை 23, புதன்

காற்று. மீன் இல்லை. என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகவில்லை, கிழிந்த வலை பொத்துகிறார்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஒன்று: கயிறு கட்டுகிற சப்பாத்து. வடிவுதான். ஆனால் இருபது பிள்ளைக்கு எந்த டீச்சர் கயிறு கட்டிக்கொண்டு இருப்பாள்? வேண்டாம்.

இரண்டு: முன்பக்கம் கிளி மூக்கு மாதிரி கீழே வளைந்தது. பெரிய ஆட்கள் போடுவது. நாலு வயசுக் கால் எலும்பு இன்னும் பிஞ்சு. வேண்டவே வேண்டாம்.

மூன்று: அடி தட்டை. மெல்லிய ரப்பர், மடக்கினால் மடங்கும். இரண்டு ஒட்டுப் பட்டி, குதியில் பிடித்து இழுக்க ஒரு காது. பிள்ளை தானே போடலாம், தானே கழற்றலாம். இதுதான்.

முதலாளி ஹாஜியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் போனைப் பார்த்தார். "இதென்ன மகள், தவளைக்குத் தைச்சதா?"

சுவர் ஏறப் பழக்குகிற ஒரு பெண்ணின் வீடியோவும் பார்த்தேன். மொழி விளங்கவில்லை, கீழே எழுத்து ஓடியது. குறித்துக்கொண்டது:

– பெரியவர்கள் இறுக்கமாகப் போடுவார்கள். சின்னப் பிள்ளைக்கு இறுக்கம் கூடவே கூடாது. விரல் நீட்டி இருக்க வேண்டும், மடங்கக் கூடாது.
– பெரிதாகவும் கூடாது. உள்ளே கால் திரும்பினால் சறுக்கும். ஆக, இரண்டு வருஷத்துக்கு ஒன்றாக வாங்கி நுனியில் பஞ்சு வைக்கிற நம்முடைய வேலை இதில் சரிவராது.
– நோவுதா என்று பிள்ளையிடம் கேட்டு நம்பக் கூடாது. கலர் பிடித்திருந்தால் இல்லை என்றுதான் சொல்லும். சப்பாத்தைக் கழற்றிக் காலைப் பார்க்க வேண்டும்.

கடைசியில் சொன்னது எனக்கு ஏற்கெனவே தெரியும். பதினாலு வருஷம் இந்தக் கடையில் நிற்கிறேன்.

பின்னேரம் கரையில் இழுத்துவைத்த போட்டின் மேல் அனி. வெறுங்கால். பெருவிரலைப் பலகை இடுக்கில் கொடுத்து விறுவிறு என்று ஏறினாள். "இந்தக் குரங்குக் குட்டிக்குச் சப்பாத்து வேறயா?" என்றார் இவர். சிரித்துக்கொண்டு தொடங்கியவர் முடிக்கும்போது சிரிக்கவில்லை. வலையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

பூசை முடிந்து வந்து அளந்தேன்.

எங்கள் பக்கத்தில் சப்பாத்து வாங்கப் பிள்ளையைக் கடைக்கு இழுத்துக்கொண்டு வர மாட்டார்கள். தென்னை ஈர்க்கு ஒன்றைக் காலோடு வைத்து முறித்து, அதைக் கொண்டுவருவார்கள். நானும் அப்படித்தான். ஒவ்வொரு டிசம்பர் நத்தாருக்கும், ஒவ்வொரு தலவில கோயில் திருவிழாவுக்கும் அனிக்கு ஒரு ஈர்க்கு. ஏழு ஈர்க்கையும் சிவப்பு நூலால் கட்டி அலுமாரியில் வைத்திருக்கிறேன். முதல் ஈர்க்கு என் நடுவிரல் நீளம்கூட இல்லை.

இல்லை, பொய். நடுவிரலை விட நல்ல நீளம். எனக்கு அப்படி நினைவிருக்கிறது, அவ்வளவுதான். எடுத்து வைத்துப் பார்த்தேன்.

குதியைச் சுவரோடு வைத்து நிற்கச் சொன்னேன். "பெரியம்மா, கூசுது" என்று காலை இழுத்து இழுத்துச் சிரித்தாள். மூன்றாம் தரம்தான் சரியாக முறிக்க முடிந்தது. ஈர்க்கை அளவுக் கோடு போட்ட அடிமட்டத்தில் வைத்தேன். பதினாறு சென்டிமீற்றர், மயிரிழை பிசகில்லை.

நாலு மணிக்கு பிரிசி. கடையில் நிற்கிறாளாம். "எவ்வளவு அக்கா? கெதியாச் சொல்லுங்க. பதினாலு பதினஞ்சு இருக்கும் எண்டு நான் சொல்லி வச்சிருக்கன். அவ இன்னும் சின்னப் பிள்ளை தானே."

என் கையில் இன்றைய ஈர்க்கு. மடியில் போன நத்தார் ஈர்க்கு. "பதினஞ்சேகால்" என்றேன்.

குரல் நடுங்கக்கூட இல்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது? அம்மா வாங்கின முதல் சப்பாத்து காலுக்குச் சேரக் கூடாது. "பெரியம்மா எண்டாச் சரியா வாங்கியிருப்பா" என்று பிள்ளை அங்கே நின்று ஒரு தரம் அழ வேண்டும். என்னைத் தேட வேண்டும். ஒரே ஒரு தரம்.

இத்தனை வருஷத்தில் முகம் தெரியாத ஆட்களுக்குக்கூட நான் அளவு பிழையாகச் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தலவில. சனம் நெருக்கி எறிந்தது. அனி இவருடைய தோளில். பாவசங்கீர்த்தன வரிசையில் ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். சொன்னேன். சொல்லும்போது அழுதும்விட்டேன்.

ஃபாதர் சின்ன வயசு. "தங்கச்சிக்கு ஒரு போன் கோல் எடுத்துச் சொன்னா முடிஞ்சுது தானே. இதுக்கு ஏன் அழுறீங்க?"

வெளியே வந்து அனிக்குக் காப்பு வாங்கினேன், கச்சான் அல்வா வாங்கினேன். கோல் எடுக்கவில்லை. பிரிசி போட்டோ போட்டிருந்தாள். வாங்கிவிட்டாள். நீலம், மஞ்சள் பட்டி. நான் தெரிவு செய்த மூன்றாவதேதான். தன் உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்திருக்கிறாள். கீழே: "எவ்வளவு சின்னது பாருங்க!!"

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாப்பிள்ளை வந்து நாலு நாள். மெலிந்துவிட்டார். இந்த மனிசனைப் பிடிக்காமல் போனால் நல்லது என்று நினைத்தேன், முடியவில்லை. தினமும் அனியைக் கரைக்குக் கூட்டிப் போகிறார். முதல் நாள் என் பாவாடைக்குப் பின்னால் நின்றாள். நேற்று அவருடைய தோளில் ஏறினாள். அவர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

நீலச் சப்பாத்தைக் கொண்டுவரவில்லை. வீட்டில் அனியின் கட்டிலில் வைத்திருக்கிறாளாம் பிரிசி, வந்ததும் பார்க்கட்டும் என்று.

பயணத்துக்கு நம்முடைய கடையிலேயே கறுத்த சப்பாத்து எடுத்தேன். சரியான அளவு. ஆனாலும் செருப்பிலும் வெறுங்காலிலும் திரிந்த பிள்ளை, போட்டவுடன் நோவுது என்று அழுகை.

"புதுச் சப்பாத்து எண்டா அப்பிடித்தான் குட்டி. ரெண்டு நாளில சரி வரும். நோவுது நோவுது எண்டு சொல்லி அங்க அம்மாவக் கவலப்படுத்தக் கூடாது, என்ன?"

"போன் அம்மாவையா?"

"போன் அம்மா இல்ல. அம்மா."

"ஓம்" என்று தலையாட்டினாள். மூக்கைத் துடைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

நேற்றுப் போய்விட்டார்கள். எயார்போர்ட்டில் அழவில்லை, அவளும் நானும். மாப்பிள்ளைதான் அழுதார்.

கிடப்பவை: ஒரு கால் செருப்பு (மற்றது எங்கே?). பாதி தின்ற பிஸ்கட் பக்கட். ஜன்னல் கம்பியில் எட்டாத உயரத்தில் கால் தடம், சேற்றில். சுவரில் பென்சில் கோடு.

இவர் கடலுக்குப் போகவில்லை. கடல் நல்லாத்தான் இருக்கிறது. பாண் வாங்கி வந்து வைத்தேன், இரண்டு பேரும் தொடவில்லை.

செப்டெம்பர் 14, ஞாயிறு

வீடியோ வந்தது. பெரிய சுவர், அதில் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று கல் பதித்திருக்கிறது. இடுப்பில் கயிறு. அனி ஏறுகிறாள். நாலு கல், ஐந்து கல். நீலச் சப்பாத்து. எட்டாவது கல்லில் ஒரு காலை எடுத்து உதறிவிட்டுத் திரும்ப வைத்தாள். அந்த இடத்தைப் பத்துத் தரம் ஓட்டிப் பார்த்திருப்பேன்.

பிறகு கோல். "அளவு அச்சாச் சரி அக்கா! கொஞ்சம் இறுக்கம் தான், ஆனா கடைக்காரன் சொன்னான், ஏறுற சப்பாத்து இறுக்கமாத் தான் இருக்கோணும் எண்டு. பிள்ளையும் ஒண்டும் சொல்லேல்ல. போட்ட உடன துள்ளித் திரிஞ்சா."

இறுக்கம் பெரியவர்களுக்கு, பிள்ளைக்கு இல்லை. வாய் வரை வந்தது. ஆனால் பிரிசி சிரித்தாள். கல்யாணத்துக்கு முந்திச் சிரித்த சிரிப்பு. நாலு வருஷம் கழித்துத் தன் பிள்ளைக்கு ஏதோ ஒன்று சரியாகச் செய்துவிட்டேன் என்ற சிரிப்பு.

"நல்லம்" என்றேன்.

செப்டெம்பர் 18, வியாழன்

மாம்புரியிலிருந்து ஒரு உம்மா ஈர்க்கோடு வந்தார். "மகனுக்கு. ரெண்டு பெருநாளைக்குப் போடுற மாதிரி ஒண்டு பாருங்க தங்கச்சி." அந்த ஈர்க்கை மூன்று தரம் அளந்தேன். உம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அளந்தாக் கூடுமா?" என்று கேட்டார்.

மத்தியானம் பெட்டிக்குள் இரண்டும் இடக்காலாக வைத்துக் கொடுத்துவிட்டேன். ஹாஜியார் ஏசவில்லை. "மகள், ரெண்டு நாள் வீட்டில இருங்க. மனசு இங்க இல்ல" என்றார். வீட்டில் இருந்து என்ன செய்வது?

செப்டெம்பர் 28, ஞாயிறு

காற்று குறைந்துவிட்டது.

வீடியோ கோல். அனி குளித்துவிட்டுக் கட்டிலில் இருந்தாள். படம் காட்டினாள், பல் காட்டினாள். "காலைக் காட்டுங்க குட்டி" என்றேன். காட்டவில்லை, பெட்சீட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். பிரிசி அடுப்படியில் ஏதோ வைக்கப் போனாள். திரும்பவும் கேட்டேன். மெதுவாக நீட்டினாள்.

இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துக் கிடக்கிறது. அடுத்த விரல்களின் முட்டியில் தோல் உரிந்து சிவப்பு.

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "நோவுதா?"

"இல்ல பெரியம்மா. புதுச் சப்பாத்து எண்டா அப்பிடித்தான். ரெண்டு நாளில சரி வரும்." போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து, ரகசியமாக: "அம்மாட்டச் சொல்லாதீங்க, என்ன? கவலப்படுவா."

என் பேச்சு. சொல்லுக்குச் சொல், அந்த "என்ன?" உட்பட என் பேச்சு.

பிரிசி திரும்பி வந்து காலைப் பார்த்தாள். "நகமா? ஏறப் பழகுற பிள்ளைகளுக்கு அப்பிடி வருமாம் அக்கா." நெட்வேர்க் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நெட்வேர்க் நல்லாத்தான் இருந்தது.

நான் செய்தது இது. வேறு யாரும் செய்யவில்லை.

செப்டெம்பர் 29, திங்கள்

நாள் முழுக்க வேலை ஓடவில்லை. இரவு ஏழரைக்கு வீடியோ கோல் எடுத்தேன். அங்கே பின்னேரம், அனி நேர்சரியிலிருந்து வந்துவிட்டாள், பின்னால் அவள் சத்தம்.

சுற்றி வளைக்கவில்லை. "நான் தந்த அளவு பிழை பிரிசி. தெரிஞ்சுதான் பிழையாத் தந்தன். பதினாறு. நத்தார் அளவச் சொல்லிட்டன். சப்பாத்து அவக்குச் சின்னன். இறுக்கமா இருக்கோணும் எண்டுறது பெரிய ஆக்களுக்கு. இனிப் போடாதீங்க."

போன் கட்டாகிவிட்டதா என்று பார்த்தேன். இல்லை.

"ஏனக்கா?"

"அவ என்னைத் தேடோணும் எண்டு."

ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ ஒவ்வொரு நாளும் தேடுறா அக்கா. வந்த நாளிலயிருந்து. சாப்பிட வச்சாத் தேடுறா, சீப்பால தலை இழுத்தாத் தேடுறா. உங்களுக்குக் கவலையா இருக்கும் எண்டு நான் தான் சொல்லேல்ல." அழுதாள். நானும். இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வராமல் போனார்.

கொஞ்சம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி. இப்ப எவ்வளவு எண்டு சொல்லுங்க. நாளைக்கு மாத்திறன்" என்றாள்.

ஈர்க்குக் கட்டு மடியில்தான் இருந்தது. எட்டு. கடைசி ஈர்க்கு ஜூலையில் முறித்தது. இரண்டு மாசம் ஆகிவிட்டது, அந்த வயசில் கால் நிற்காது. எனக்குத் தெரியவில்லை. முதல் தரம், தெரியவில்லை.

"தெரியாது பிரிசி. நீ தான் அளக்கோணும்."

"என்னண்டு?"

"குதியச் சுவரோட வச்சு நிக்கச் சொல்லு. ஈர்க்கு ஒண்ட வச்சு, பெருவிரல் நுனியில முறி."

"இங்க எங்கால ஈர்க்கு?" பிறகு அடுப்படியில் அலுமாரி திறக்கிற சத்தம், பக்கட் கிழிகிற சத்தம். "ஸ்பகெட்டி இருக்கு. அதால அளந்தாக் காணுமா?"

"காணும்."

போனைக் கீழே வைத்துவிட்டார்கள். படத்தில் முகட்டு லைட் மட்டும். பிரிசியின் குரல், ஆடாம நில்லுங்க, ஆடாம நில்லுங்க. ஒரு குச்சி உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. அனிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அம்மா, கூசுது."

போன் ஓடிக்கொண்டிருப்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். நான் தான் கட் பண்ணினேன்.