ஒரே ஒரு டிக்கெட்

பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. பன்னிரண்டு வருடமாகப் பரண்மேல் கிடந்த நீலப் பெட்டி. அடுத்த வாரம் நான் தான்சானியா கிளம்புகிறேன். மருத்துவ மிஷன் குழுவில் நான்தான் மூத்த நர்ஸ். புதுப் பெட்டி வாங்கித் தருவதாக வீட்டுக்காரர் சொன்னார். இதுவே போதும் என்று இறக்கச் சொன்னேன். வாசனை பட்டதுமே உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ இறந்து ஐந்து வருடம் ஆகிறது.

தொண்ணூற்றைந்தில் நீயும் நானும் வேங்கிக்காலில் ஒரே அறையில் குடியிருந்தோம், ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம். தான்சானியாவில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு வருடம் போக நம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா இருவரையும் தேர்ந்தெடுத்தபோது, நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்காக மெட்ராஸ் போனோம். திரும்பும்போது பஸ்ஸில் இருவருக்கும் உடம்பு கொதித்தது. செஞ்சி தாண்டும்வரை என் தோளில் சாய்ந்து, "அங்க போயும் ஒரே ரூமு கேக்கணும்டி" என்று முனகினாய்.

ஆளுக்கு இருபது கிலோதான் கொண்டுபோகலாம். இரண்டு பெட்டிகளையும் மளிகைக் கடைக்குத் தூக்கிப் போய் எடை போட்டோம். "இன்னாம்மா, கல்லையா கட்டி எடுத்துனு போறீங்க?" என்று கடைக்காரர் சிரித்தார். என் பெட்டியில் இரண்டு கிலோ ஜாஸ்தி. அறைக்கு வந்ததும் நீயே உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அடுக்கினாய். என் ஸ்வெட்டரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "இது என் பெட்டியில இருக்கட்டும். எனக்கு எடை கம்மிதான்" என்றாய்.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது ஆபீஸ் கிளார்க் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க பேரு லிஸ்ட்ல இல்லம்மா. வீட்ல சம்மதம் இல்லன்னு டாக்டரம்மா எழுதி வச்சிட்டுப் போயிருக்காங்க."

டாக்டரம்மா பத்து நாள் முன்பே தான்சானியா போய்விட்டிருந்தார். கேட்க ஆள் இல்லை. வீட்டில் சம்மதம் இல்லை என்றால் யார் சொல்லியிருப்பார்கள்? கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் அப்பா ஒன்றையே கேட்பார்: "அவ்ளோ தூரம் போய்த்தான் ஆவணுமாம்மா?" அது உனக்கும் தெரியும்.

அன்று உன் மடியில் முகம் புதைத்து அழுதேன். "எங்கப்பாதாண்டி எனக்குத் தெரியாம வந்து சொல்லியிருக்காரு." நீ என் தலையைத் தடவினாய். "பெத்தவங்களுக்குப் பயம் இருக்காதா? விடுடி" என்றாய். அவர் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீ விமானம் பிடிக்கக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், என் பயணம் நின்றது தெரியாமல், என்னை வழியனுப்ப வறுத்த மல்லாட்டைக் கடலை ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு அப்பா வந்தார். வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். "நான் யாராண்டயும் ஒண்ணும் சொல்லலம்மா" என்றார். பொய் சொல்லாதீங்க என்று கத்தினேன். பையை வாங்கிக்கொள்ளாமல் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. அங்கேயே நின்றிருப்பார். பிறகு கேட்டது.

அந்த ஆஸ்பத்திரியில் இருக்கப் பிடிக்காமல் அரசு வேலைக்கு மாறினேன். கல்யாணம் நடந்தது. தாரை வார்க்கும்போதுகூட அப்பாவின் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊருக்குப் போனால் அம்மாவோடு பேசிவிட்டு வருவேன். நான்கு வருடம் அப்படியே போனது. ஒருநாள் எங்கள் கொல்லி நிலத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

இதற்கிடையில் உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா செய்ததை மறக்க முடியவில்லை என்று எழுதினேன். "பெரியவங்கள மன்னிச்சிடு, மனசுக்கு நல்லது" என்று நீ பதில் போட்டாய். அங்கே காலையில் குளிருகிறது, உன் ஸ்வெட்டர்தான் உதவுகிறது என்றும் எழுதியிருந்தாய்.

அப்பா இறந்து மூன்று வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் டாக்டரம்மாவைப் பார்த்தேன். "கடைசியில ஒரு டிக்கெட்டுக்குத்தான் ஏற்பாடாச்சு. ரெண்டு பேரும் வாங்க, பேசி முடிவு பண்ணலாம்னு சொல்லி அனுப்பினேன். உங்கப்பா ஒத்துக்கல, அதைச் சொல்ல நீ கூச்சப்படறேன்னு உன் ஃப்ரெண்ட் மட்டும் வந்து சொன்னாளே" என்றார். இலையில் சாதம் போட்டிருந்தார்கள். அப்படியே எழுந்துவிட்டேன்.

மறுநாளே, நீ திரும்பி வந்து குடியிருந்த மெட்ராஸ் வீட்டுக்கு வந்தேன். உனக்குக் கர்ப்பப்பையில் கேன்சர் என்று உன் தங்கை வாசலில்தான் சொன்னாள். சண்டை போட வந்தவள், உன் எலும்பும் தோலுமான உடம்பைப் பார்த்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஆனாலும் கேட்டேன்.

"எனக்குப் போயே ஆவணும்னு இருந்துச்சுடி" என்றாய். "வீட்ல என்னைக் கட்டிக் கொடுக்க நாள் பாத்துட்டாங்க. எனக்கு வேற வழி தெரியல."

"என்கிட்ட கேட்டிருந்தா நானே விட்டுக் கொடுத்திருப்பேனே."

"கொடுக்க மாட்டேன்னுட்டா?"

"எங்கப்பா பேரை ஏண்டி சொன்ன?"

"அதுதான் வாயில வந்துச்சு."

"அதுக்கப்புறமும் பத்து நாள் என் துணிய மடிச்சியே?"

"நிறுத்தினா நீ கண்டுபிடிச்சிருப்ப."

என் கையைப் பிடிக்க வந்தாய். நான் கொடுக்கவில்லை. பஸ் பிடித்து வந்துவிட்டேன். இரண்டு மாதத்தில் உன் தங்கையிடமிருந்து தகவல் வந்தது. அடக்கத்துக்கு நான் வரவில்லை.

உன்னை மன்னித்துவிட்டதாக எழுதக் கை வரவில்லை. எனக்குச் செய்ததை எப்போதோ ஆற்றிக்கொண்டிருப்பேன். அப்பாவுக்குச் செய்ததை மன்னிக்க நான் யார்? அதில் பாதி நான் செய்தது. நீ சொன்ன பொய்யை நம்பியவள் நான்தானே.

போன வாரம் குழுவில் ஒரு இடம் குறைந்துவிட்டது. ஒரு சின்ன நர்ஸை விட வேண்டியதாயிற்று. போனில் சொல்லிவிடலாம் என்றார்கள். நான் பஸ் ஏறி அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா, அம்மாவையும் உட்கார வைத்து, எதனால் இடம் குறைந்தது, ஏன் அவள் பெயரை எடுத்தோம், முடிவு செய்தது யார் என்று ஒன்று விடாமல் சொன்னேன். முடிவு செய்தவர்களில் நானும் ஒருத்தி என்றும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் கிளம்பவில்லை. அவள் அழுது முடித்து வெளியே வந்து, என்னிடம் கோபமாக நாலு கேள்வி கேட்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.