தங்கமணி கொடுத்த வெற்றிலை பாக்கு

பாபநாசம்,
1971, ஐப்பசி மாதம்.

சிரஞ்சீவி துரைராசுவுக்குச் சித்தப்பா பஞ்சநதம் அனேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கு நான், உன் சித்தி, உன் மனைவி கண்ணாத்தாள், குழந்தை தேன்மொழி, ஆம்ப்ளிபயர் இரண்டு, குழாய் ஸ்பீக்கர் நான்கு, எல்லோரும் சுகம். பினாங்கில் உன் சுகத்துக்கும் உன் மளிகைக் கடையின் சுகத்துக்கும் எழுது. உன் சுகத்தை முதலில் எழுது, கடையைப் பிறகு எழுது. நீ எப்போதும் மாற்றி எழுதுகிறாய்.

என் மகள், உன் தங்கை தங்கமணியின் கல்யாணம் ஆவணியில் நல்லபடியாக நடந்தது. அதில் நடந்த அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். இரண்டாவது ஆம்ப்ளிபயர் வாங்கி வந்து வாசலில் இறக்கிய அன்றே உன் சித்தியிடம் சொன்னேன், "பாத்துக்கிட்டே இரு, ஒருநாள் இந்தத் தொழில் நம்ம வீட்டு வாசல்லயே குறுக்க வந்து நிக்கும்" என்று. அப்படி நான் சொன்னதாகவே தனக்கு ஞாபகம் இல்லை என்கிறாள். அவள் ஞாபகசக்தி அவ்வளவுதான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும், அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர அந்த வாத்தியாரிடம் ஒன்றும் மிச்சம் இல்லாததால்தான் நின்றேன் என்பது ஊருக்கே தெரியும். கல்யாணத்துக்கு வர முடியாததற்கு நீ எழுதிய காரணத்தைப் படித்தேன். கப்பலில் வந்து திரும்ப ஒரு மாதம் கடையைப் பூட்டினால் வாடிக்கையெல்லாம் எதிர்த்த கடைக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தாய். தொழிலையும் குடும்பத்தையும் ஒரே கையில் பிடிக்கிற விஷயத்தில் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே என்னைவிட அனுபவஸ்தன் கிடையாது. ஆகையால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நம் மைக் செட் தொழிலில் எழுத்து கிடையாது என்பது உனக்குத் தெரியும். விசேஷ வீட்டுக்காரர் வெற்றிலை பாக்கும் ஒரு ரூபாயும் தட்டில் வைத்துக் கொடுப்பார், நான் வாங்கிக்கொண்டால் அந்த நாள் அவருடையது. வாங்கிய பிறகு மந்திரியே வந்து கூப்பிட்டாலும் போக மாட்டேன், கூப்பிட்டும் இருக்கிறார்கள். ஆடி மாதம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மிராசுதார் வீட்டுக் கணக்கப்பிள்ளை வந்தார், பண்ணை வீட்டில் கல்யாணம், ஆவணிக் கடைசி முகூர்த்தம் என்றார். மனதுக்குள் பார்த்தேன், அந்தத் தேதிக்கு யாரும் வெற்றிலை வைக்கவில்லை, வாங்கிக்கொண்டேன். நாலு நாள் கழித்து அதே ஊர் வீரையன் வந்தான், விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு அவன்தான் அங்கே தலைவன். குறுவை அறுப்புக்குக் கூலி கூட்டிக் கேட்டுக் கூட்டம் போடப்போகிறார்கள், அதையும் பண்ணை வீட்டுக் கல்யாணத்தன்றே போட்டால்தான் வந்திருக்கும் விருந்தாளிகள் காதிலும் விழும் என்று அந்தத் தேதியையே கேட்டான். இரண்டு செட் இருக்கிறது, இரண்டு இடம், கணக்குச் சரியாக வந்தது, அவனிடமும் வாங்கிக்கொண்டேன். தங்கமணி கல்யாணமும் அதே தேதி என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்பாய். தெரியும். பத்திரிகை அடிக்கக் கொடுத்ததே நான்தான், பண்ணைக்கு ஒன்று, வீரையனுக்கு ஒன்று என்று நானே போய் வைத்துவிட்டும் வந்தேன். ஆனால் தொழில் புத்தி வேறு, வீட்டுப் புத்தி வேறு. என் வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்கு யாரும் வெற்றிலை பாக்கு வைக்கவில்லையே, ஆகவே என் மனக்கணக்கில் அந்த நாள் காலியாகவே இருந்தது. பிறகு உறைத்தபோதும் நான் பயப்படவில்லை. விடியற்காலம் பண்ணையில் ஒரு செட்டைக் கட்டிவிட்டு, சைக்கிளில் வந்து தாலி கட்டும்போது ஒரு கால் மணி நேரம் நின்றுவிட்டு, திரும்பப் போய் வீரையன் கூட்டத்துக்கு இன்னொன்றைக் கட்டலாம் என்று திட்டம் போட்டேன். வேறு ஆளை அனுப்பலாமே என்பாய். என் கை படாமல் அந்த ஆம்ப்ளிபயர் பாடாது, அது அப்படிப் பழகிவிட்டது.

இந்தத் திட்டத்தை உன் சித்தியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது தங்கமணி காதில் விழுந்திருக்கிறது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடைக்கு வந்தாள். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு ரூபாய். வாடிக்கைக்காரர் மாதிரி படிக்குக் கீழேயே நின்றுகொண்டு, "மைக் செட்டுக்காரரே, அன்னைக்கு எங்க வீட்டுலயும் ஒரு விசேஷம் இருக்கு, உங்களுக்கு வரத் தோதுப்படுமா?" என்றாள். நான் சிரித்துவிட்டு, "என்னம்மா இது, நம்ம வீட்டுக்கு இல்லாத செட்டா?" என்றேன். "செட்டு வேணாங்க. ஆளு மட்டும் வந்தாப் போதும்" என்றாள். "வராம எங்க போயிடுவேன், தாலி கட்டுறப்ப கரெக்டா வந்து நிப்பேன்" என்றேன். "கால் மணி நேரத்துக்கு வர்றவங்கள்லாம் பந்தியில உக்காந்துட்டு மொய் எழுதிட்டுப் போவாங்க. நான் அப்பாவக் கேக்கறேன். காலைல மாப்பிள்ளை வர்றதுலேர்ந்து சாயங்காலம் நான் வண்டி ஏறுற வரைக்கும். முடியும்னா தட்டுலேர்ந்து எடுங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் மணையில உக்காரல, உங்களுக்கு என்னைக்கு ஒழியுதோ அன்னைக்கு வெச்சுக்கலாம்" என்றாள். தெருவில் இரண்டு பேர் நின்று கேட்கிறார்கள், அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. பிறகு குரலை இறக்கி ஒன்று சொன்னாள். "நான் சடங்கானப்ப நீங்க திருக்கருகாவூர்ல இருந்தீங்க. பள்ளிக்கூடத்துல பிரைஸ் வாங்குனப்ப அய்யம்பேட்டைல இருந்தீங்க. எங்கேர்ந்தாவது ஹலோ ஹலோன்னு அப்பா குரலு மட்டும் காத்துல வந்துச்சு." துரைராசு, எனக்குப் பதில் தெரியாத கேள்வி என்று உலகத்தில் ஒன்று கிடையாது. ஆனாலும் அன்றைக்கு அந்த ஒரு ரூபாயை எடுத்து, செல்லுமா செல்லாதா என்று இரண்டு பக்கமும் ரொம்ப நேரம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என்ன செய்தேன் தெரியுமா? மறுநாள் பொழுது விடிந்ததும் நானே போய்க் கடைக்குப் பெரிய பூட்டாகப் போட்டுப் பூட்டினேன். இரண்டு செட்டும் உள்ளே. அப்படியே சைக்கிளை எடுத்துக்கொண்டு, வாங்கிய வெற்றிலை பாக்கைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். நம் தொழிலில் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தவன் எனக்கு முன்னால் ஒருவனும் இல்லை. மிராசுதார் ஊஞ்சலில் இருந்தார். நில உச்சவரம்புச் சட்டம் வந்ததிலிருந்து அவருக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். "என்னய்யா, செங்கொடிக்காரன் மிரட்டிட்டானா?" என்றார். "இல்லீங்க, எம் பொண்ணுக்கு அன்னைக்குக் கல்யாணங்க" என்றேன். "அதான் எனக்கே பத்திரிகை வெச்சியேய்யா! வெத்தலைய வாங்கறப்ப உனக்கு அது தெரியாதா?" என்று கேட்டார். தெரிந்தும் மறந்த விஷயத்தை ஒரு பெரிய மனிதருக்கு எப்படி விளக்குவது? சிங்கம் மாதிரி நிமிர்ந்து நின்றேன். அவரே கொஞ்சம் இறங்கி வந்து, "சரி போ, அவனுக்கும் குடுக்கக் கூடாது" என்றார். வீரையனிடம் போனால் அவன், "பண்ணை தடுத்துட்டாரா அண்ணே?" என்றான். "அவருக்கும் இல்ல தம்பி, உனக்கும் இல்ல, மவ கல்யாணம்" என்றேன். அவன் சிரித்தான். "அப்பச் சரி, எங்களுக்குத் தொண்டை இருக்கு. மவ கல்யாணத்துக்கு அப்பன் லீவு கேக்கறதுக்கும் ஒரு சங்கம் வெச்சாத் தேவலைபோல" என்று சொல்லி வெற்றிலையை வாங்கி அங்கேயே போட்டுக்கொண்டான்.

கல்யாணத்தன்று பந்தலில் மைக் இல்லை, குழாய் இல்லை, பாட்டு இல்லை. மைக் செட்டுக்காரன் வீட்டுக் கல்யாணம் ஊமைக் கல்யாணமா என்று சம்பந்தி வீட்டார் முணுமுணுத்தார்கள். மாப்பிள்ளை கட்சிக்காரர், கறுப்பு சிவப்புக் கரை வேட்டி. வாழ்த்திப் பேச அவர்கள் ஊர்க் கிளைச் செயலாளர் வந்திருந்தார். சாதாரணமாக அந்த மனிதர் பேச ஆரம்பித்தால் உலை வைத்துச் சோறு வடித்துவிடலாம். மைக் இல்லை என்றதும் நாலே வார்த்தையில் வாழ்த்திவிட்டு உட்கார்ந்தார், ஜனங்கள் எனக்குக் கும்பிடு போட்டார்கள். நான் காலையிலிருந்து பந்தலைவிட்டு நகரவில்லை. மாப்பிள்ளை தாலி கட்டும்போது மேளச் சத்தத்துக்கு நடுவில் தங்கமணியின் வளையல் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. எத்தனையோ கல்யாணத்துக்குச் செட் கட்டியிருக்கிறேன், ஒன்றிலும் நான் வளையல் சத்தத்தைக் கேட்டதில்லை, எப்போதும் என் காது ஸ்பீக்கரில்தான் இருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்ன ஆயிற்று என்றால், மைக் இல்லாததால் கூட்டத்தில் பண்ணையைத் திட்டியது பண்ணைக்குக் கேட்கவில்லை, பண்ணை ஆட்கள் பதிலுக்குச் சொன்னது கூட்டத்துக்குக் கேட்கவில்லை, தயாராக நின்ற போலீஸ் வேன் இரண்டு இடத்திலும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனது. ஒரு பெரிய கலவரத்தைத் தனியாளாக நிறுத்தியவன் நான்தான் என்று சப்-இன்ஸ்பெக்டரே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அடுத்த தேர்தலில் என்னை நிற்கச் சொல்லியும் பேச்சு இருக்கிறது, எனக்குத்தான் நேரம் இல்லை.

வாடிக்கை போனதா? அதைக் கேள். அடுத்த வாரமே வீரையன் வெற்றிலை பாக்கோடு வந்து நிற்கிறான். அவனுக்கு நான் செட் கட்டிவிட்டேன் என்று கேள்விப்பட்டதும் பண்ணைக் கணக்கப்பிள்ளை காதுகுத்துக்கு வெற்றிலை பாக்கோடு ஓடி வருகிறார். பக்கத்து ஜவுளிக்கடை ஹாஜா மைதீனைப் பார், வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போகிறார், அப்படியே வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்து திறக்கிறார். ஜனங்கள் வாசலில் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆள் திரும்பி வருவான் என்று தெரிந்தால் வாடிக்கை எங்கேயும் போகாது. பினாங்கு ஜனங்கள் மட்டும் வேறு மாதிரியா? ஒரு மாதம் உப்பு புளியை எதிர்த்த கடையில் வாங்கட்டும், அவனிடம் நிறுவை எப்படி என்பதும் தெரிந்துகொண்டு வரட்டும்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி தேன்மொழியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "உங்கப்பா பேரு என்னடி கண்ணு?" என்று கேட்டாள். குழந்தை கொஞ்சமும் யோசிக்காமல், "பினாங்கு" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாத்தாளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போனவள், பந்தி முடிந்த பிறகு கொல்லைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். நீ கப்பல் ஏறும்போது வயிற்றில் இருந்த பிள்ளைக்கு நாலு வயது முடிந்துவிட்டது. தை மாதம் வைத்தீஸ்வரன் கோயிலில் அதற்குக் காது குத்த ஏற்பாடு செய்திருக்கிறோம். மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் இருக்கிறான். வலித்து அழும்போது தூக்க அப்பன் வேண்டும். இந்தக் கவருக்குள் ஒரு காய்ந்த வெற்றிலையும் கொட்டைப்பாக்குச் சீவலும் இருக்கும், குப்பை என்று உதறிவிடாதே. கண்ணாத்தாள் வைத்தது. நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்து, பக்கத்தில் இருந்த கவருக்குள் போட்டுவிட்டுப் போனாள். ஒரு ரூபாயும் வைத்திருப்பாள், தபாலில் போகாது என்று நான்தான் தடுத்தேன். செட்டு வேண்டாம், சாமான் வேண்டாம், சட்டைத்துணி வேண்டாம். ஆள் மட்டும் வந்தால் போதும்.

எண்ணெய் தேய்த்துக் குளி. சாப்பாட்டைக் கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டு சாப்பிடாதே, உட்கார்ந்து சாப்பிடு. தையில் ஊரில் இருக்கிற மாதிரி இப்போதே கப்பலுக்குச் சொல்லிவை. பஞ்சநதீஸ்வரரும் வைத்தியநாதரும் உன்னையும் உன் கடையையும், மேலே சொன்ன அதே வரிசையில், காப்பாற்றட்டும்.

இப்படிக்கு, உன் சித்தப்பா,
அ. பஞ்சநதம்,
உரிமையாளர், மங்களாம்பிகை சவுண்ட் சர்வீஸ், பாபநாசம்.

எழுதியதைப் படித்துக் காட்டும்போது உன் சித்தி ஒரே ஒரு இடத்தில் என்னைப் பார்த்தாள், ஆகவே அதை மட்டும் திருத்திவிடுகிறேன். கடையைப் பூட்டியது நான் இல்லை. தங்கமணியின் ஒரு ரூபாயை வாங்கிய பிறகும், கல்யாணத்தன்று விடியற்காலத்திலேயே இரண்டு இடத்துக்கும் கட்டிவிட்டு வந்துவிடலாம், செட்டைத் தயார் செய்வோம் என்றுதான் மறுநாள் கடைக்குப் போனேன். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டியவள் தங்கமணி. அதற்குப் பிறகுதான் வெற்றிலையைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். தாலி கட்டும்போதும் சாவி அவள் முந்தானை முடிச்சில்தான் இருந்தது, சாயங்காலம் வண்டி ஏறும்போதுதான் அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். உன் கடை பினாங்கில் இருக்கிறது, அங்கே வந்து பூட்ட இங்கே யாருக்கும் கை எட்டாது. அதனால் நீயே பூட்டிவிட்டு வா.