தோளை இறக்கிவிட்டேன், தம்பி

என் செல்லத் தம்பி முத்துராசுவுக்கு,

நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். நான் மறுபடியும் ஐகிடோ பழகுகிறேன். நீ போன பிறகு இரண்டு வருஷம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஏன் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே நீ கற்றுவந்த ஜப்பான் கலை அது. எதிராளியின் பலத்தோடு மோதாமல், அதன் போக்கிலேயே போய் ஆளைச் சாய்ப்பது. கோவில்பட்டிக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில், உன் சிநேகிதனின் தீப்பெட்டி ஆபீஸ் கொட்டகையில் பஞ்சுக் கழிவு அடைத்த சாக்குகளைப் பரப்பி, மேலே தார்ப்பாய் விரித்து என்னோடு பழகுவாய். நானோ பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர், குண்டெறிதலில் கப் வாங்கியவள். நீ மணிக்கட்டைப் பிடித்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பேன். நீ அசையவே மாட்டாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"எக்கா, தோளை இறக்கு. மழை பேஞ்ச கரிசக்காட்டுல எப்படி நடப்ப? காலை வெடுக்குன்னு உருவுனா நீதான் விழுவ. இடுப்பைத் தாழ்த்தி, பைய நகருவேல்லா? அம்புட்டுதான்."

எனக்குப் புரிந்தது. என் தோளுக்குத்தான் புரியவில்லை.

அந்தக் கடைசி ஞாயிறு, "இன்னைக்கு வேண்டாம்க்கா, அசதியா இருக்கு" என்றாய். "ஏலே, அக்காகிட்ட தோத்துருவோம்னு பயமா?" என்று நான்தான் உன்னை இழுத்துப் போனேன். இருந்த பலத்தையெல்லாம் கொடுத்து வீசினேன். சாக்கைத் தாண்டி விழுந்தாய், தலை தரையில் தட்டியது. தடவிக்கொண்டே சிரித்தாய். மறுவாரம் பக்கத்து வீட்டு போனில் உன் பெண்டாட்டி செல்வி அழுதாள், நீ தூக்கத்திலேயே போய்விட்டாய் என்று. என் தம்பியை நான்தான் கொன்றேன் என்று அந்த நிமிஷமே எனக்குள் தீர்மானமாகிவிட்டது.

அந்த நினைப்போடு எத்தனை நாள் சோற்றுத் தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன், தெரியுமா?

நீ போன பிறகு கோவில்பட்டியிலேயே தாய்வீட்டோடு இருக்கும் செல்வி, போன மாதம் உன் திதிக்கு வந்திருந்தாள். "ஏன் மதினி, பழகுறத விட்டுட்டீய?" என்று சும்மாதான் கேட்டாள். நான் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டுவிட்டு அவள் என்னைவிட அதிகமாக அழுதாள்.

"ஐயோ மதினி! அவியளுக்கு இதயம் வீங்கிக் கிடந்துச்சு. ஒரு வருஷமா மருந்து. ஊர்ல யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ. தலையில பட்டதையும் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டாரு. கடைசியில நெஞ்சுதான் நின்னுபோச்சுன்னு எழுதிக் குடுத்தாரு. தெரிஞ்சும் சொல்லலன்னு நீங்க ஏசுவீயன்னு பயந்துதான் நான் வாயே தெறக்கல."

பாவி, ஏன்டா மறைத்தாய்? சொல்லியிருந்தால் அசதி என்றவனை இழுத்துக்கொண்டு போயிருப்பேனா? இந்த ஒரு விஷயத்தில் உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் தம்பி, இரண்டு வருஷத்துக்குப் பிறகு எனக்கு மூச்சு முழுசாக உள்ளே போனது. அப்படி ஒரு நிம்மதி!

அடுத்த ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். "பலமாப் பிடி" என்று கையை நீட்டினேன். இரண்டு கையாலும் பிடித்தாள். எனக்கு இழுக்கவே தோன்றவில்லை. தோள் தானாக இறங்கியது. இடுப்பைத் தாழ்த்தி ஓரடி நகர்ந்து திரும்பினேன், அவ்வளவுதான். செல்வி சாக்கின்மேல் பொத்தென்று உட்கார்ந்து, "என்ன செஞ்சீய மதினி?" என்று முழித்தாள். நான் ஒன்றுமே செய்யவில்லை. தோளை இறக்கு என்று நீ சொன்னது இதைத்தானா?

இனி ஞாயிறுதோறும் பழகுவோம். ஆனால் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்பேன். உண்மையான பதில் வந்த பிறகுதான் கையைக் கொடுப்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், கேலி பேசி இழுக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னைத் தூக்கிப் போட்ட, ஆனால் கொல்லாத,
உன் அக்கா
மாரியம்மாள்